இருபது, முப்பது வயதில் பிபி: எங்கே கோட்டை விடுகிறோம்?

வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலிலோ போலீஸ் தேர்விலோதான் நம் இளைஞர்கள் பலருக்கு முதல் தடவையாக பிபி பார்க்கிறார்கள். 150/100 என்று வந்தால் 'டென்ஷனா இருந்திருப்பே' என்று வீட்டில் ஒரு சமாதானம். சிலர் அதற்கும் ஒரு படி மேலே போய், மருந்துக்கடையில் யாரோ சொன்ன மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த தடவை 'ஃபிட்' சான்றிதழோடு விமானம் ஏறிவிடுகிறார்கள். இந்த வயதில் ஏன் ஏறியது என்று யாரும் கேட்பதில்லை.

அறுபது வயதில் வரும் பிபிக்குப் பெரும்பாலும் தனியாக ஒரு காரணத்தைக் காட்ட முடியாது. இருபதுகளில், அதுவும் ஒல்லியான உடம்பில், குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் வந்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். தேடலில் முதலில் நிற்பது சிறுநீரகம். அது பழுதானால் பிபி ஏறும், ஏறிய பிபி அதை மேலும் பழுதாக்கும்.

அளப்பதிலேயே தவறு தொடங்குகிறது. பருமனான கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிபி இருப்பதுபோலக் காட்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது வளைக்க வேண்டும். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு, காபி குடித்த கையோடு, பேசிக்கொண்டே பார்ப்பதும் வீண். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்க வைத்துப் பார்க்க வேண்டும். எண் மிக அதிகமாக இல்லை, வேறு தொந்தரவும் இல்லை என்றால் வேறு வேறு நாட்களில் பார்த்துவிட்டுத்தான் பிபி என்று பெயர் வைக்க வேண்டும். வெள்ளைக் கோட்டைக் கண்டாலே ஏறும் ஆட்கள் உண்டு. வீட்டுக் கருவியில் சில நாள் எடுத்த சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால், நிஜமாகவே பிபியா என்ற சந்தேகம் பெரும்பாலும் தீரும். ஆனால் 180/120-ஐ ஒட்டிய எண்ணோடு தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல் என்று ஏதாவது இருந்தால் வீட்டில் அளந்துகொண்டிருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முதல் தடவை பார்க்கும்போது இரண்டு கைகளிலும் அளக்க வேண்டும், காலிலும் ஒருமுறை. பலர் செய்வதில்லை. கையில் அதிகமாகவும் காலில் குறைவாகவும் இருந்தால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி பிறவியிலேயே குறுகியிருக்கலாம். ஒரு கையில் நாடி மெலிந்திருந்தால், நம் நாட்டு இளம்பெண்களிடம் டாகயாசு என்ற ரத்தக்குழாய் அழற்சியை நினைக்க வேண்டும். அது சிறுநீரகத்துக்குப் போகும் குழாயையும் அடைக்கும். விரல் வைத்துப் பார்க்கும் இந்தச் சோதனைக்குச் செலவே கிடையாது.

அடுத்ததுதான் பெரிய தவறு: 'கிரியேட்டினின் நார்மல், கிட்னி நல்லா இருக்கு' என்ற தீர்ப்பு. கிரியேட்டினின் தசையிலிருந்து ரத்தத்துக்கு வரும் கழிவு, அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும். சிறுநீரகம் பாதி வேலையை இழந்த பிறகும்கூட அந்த எண் லேப் போட்ட வரம்புக்குள்ளேயே இருக்கலாம். 23 வயதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 1.2 என்று ஒரே அளவு வந்ததாக வைத்துக்கொள்வோம். இப்போதைய கணக்கீட்டில் அவனுக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (eGFR) சுமார் 87, அவளுக்கு சுமார் 65. குழந்தைகளிடம் இன்னும் மோசம். 120 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தைக்கு 0.9 வந்தால் ரிப்போர்ட்டில் 'அதிகம்' என்று காட்டும் நட்சத்திரக் குறிகூட விழாது, ஏனென்றால் அச்சடித்திருப்பது பெரியவர்களின் வரம்பு. உயரத்தை 0.413-ஆல் பெருக்கி 0.9-ஆல் வகுத்துப் பாருங்கள், வடிகட்டும் திறன் 55தான் வரும், அது குறைவு. எதிர்ப்பக்கமும் உண்டு. ஜிம்முக்குப் போய் கிரியேட்டின் பவுடர் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீரகம் சரியாக இருந்தும் எண் ஏறித் தெரியலாம். அதைக் கேட்காமல் பயமுறுத்துவதும் தவறுதான்.

இதற்கெல்லாம் மேலாக நான் வற்புறுத்துவது யூரின் டெஸ்ட்டை. இருப்பதிலேயே மலிவு, ஆனால் அதிகம் தவிர்க்கப்படுவதும் அதுதான். சிறுநீரகத்தின் வடிகட்டியில் அழற்சி இருந்தால் கிரியேட்டினின் ஏறுவதற்கு வெகு முன்பே சிறுநீரில் அல்புமின் என்ற புரதமோ ரத்த அணுக்களோ தென்படும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுப்பது நல்லது. பதின்ம வயதினர் சிலருக்கு நிற்கும்போது மட்டும் புரதம் கசியும், அது நோயல்ல. காய்ச்சல், மாதவிடாய், கடும் உடற்பயிற்சி இருக்கும் நாளில் வேண்டாம். சிறுநீரின் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் 30-க்கு (mg/g) மேல் வந்தால் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். அதற்காக நிறைய கசியும்போதும் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்லவில்லை, உடனே சிறுநீரக மருத்துவரிடம் போக வேண்டும்.

'ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லை' என்பதும் முழு நிம்மதி அல்ல. நீர்க்கட்டிகள், சுருங்கிய சிறுநீரகம், அடைப்பு ஆகியவற்றை ஸ்கேன் காட்டும். வடிகட்டியின் அழற்சியை அது காட்டாமல் போகலாம். சில சமயம் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் வழி.

சிறுநீரக நோயைக் காட்டிக்கொடுக்கும் கேள்விகளையும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். சின்ன வயதில் அடிக்கடி சிறுநீர்த் தொற்றோடு காய்ச்சல் வந்ததா? தொண்டை வலி வந்தால் சிறுநீர் கோலா நிறத்தில் போனதா? தாய்மாமன் யாருக்காவது காது மந்தமாகி, இளவயதில் டயாலிசிஸ் வரை போனதுண்டா? அப்புறம் பிபியை ஏற்றும் மருந்துகள்: அடிக்கடி போடும் வலி மாத்திரை, கருத்தடை மாத்திரை, மூக்கடைப்பு மாத்திரை, ஜிம்மில் கிடைக்கும் ஸ்டீராய்டு ஊசி. தொடர்ந்து சாப்பிடும் அதிமதுரம்கூட பிபியை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். 'இயற்கை மருந்துதானே' என்று யாரும் அதை டாக்டரிடம் சொல்வதில்லை.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அளவுகோல் செல்லாது. 120/80 ஆறு வயதுப் பிள்ளைக்கு அதிகம். 13 வயதுக்குக் கீழே வயது, பாலினம், உயரம் மூன்றையும் வைத்து அட்டவணை பார்க்க வேண்டும். 13-க்கு மேல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் 2017 வழிகாட்டல் 130/80-லிருந்தே உயர் ரத்த அழுத்தம் என்கிறது.

மாத்திரை தொடங்கிய பிறகும் ஒரு இடறல் உண்டு. புரதக் கசிவுக்கு எனாலப்ரில், டெல்மிசார்டான் வகை மருந்துகள் நல்லவை. ஆரம்பித்த ஓரிரு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பயந்து நிறுத்தத் தேவையில்லை. அதைத் தாண்டினால் சிறுநீரக ரத்தக்குழாய் அடைப்பைத் தேட வேண்டும். இந்த மருந்துகள் கருவைப் பாதிக்கும். எனவே இளம்பெண்ணுக்கு எழுதும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும், குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே மாற்று மருந்துக்கு மாற்றிக்கொள்ள அவரும் கேட்க வேண்டும்.