தேர்தல் எண்களை வைத்து அரசியல் எழுதும் நிரலாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாளே ஐடி வேலையில் இருக்கும் பலர் லேப்டாப்பைத் திறந்துவிடுகிறார்கள். 234 தொகுதிகளின் முடிவுகளையும் இறக்கி, பைத்தானில் நாலு வரி எழுதி, கலர் கலராக வரைபடம் போட்டு, தமிழக அரசியல் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு கட்டுரையும் எழுதிவிடுகிறார்கள். இது நல்ல பழக்கம், இன்னும் நிறையப் பேர் செய்ய வேண்டும். மேடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் அடித்துவிடப்படும் எண்களைச் சரிபார்க்க ஆள் வேண்டும் அல்லவா? நானும் நிரல் எழுதிப் பிழைப்பவன்தான். நம் ஆட்கள் எழுதும் அரசியலில் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கிறேன். நிரல் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அட்டவணையில் உள்ள எண் எப்படி அங்கே வந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை, சிக்கல் அங்கேதான்.

வாக்கு சதவீதம்

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. 2006 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். அதிமுக வாங்கியது 32.6 சதவீதம், ஜெயித்தது 61 இடம். திமுக வாங்கியது 26.5 சதவீதம், ஜெயித்தது 96 இடம். இதைப் பார்த்ததும் "மக்கள் அதிமுகவைத்தான் விரும்பினார்கள், தேர்தல் முறை ஏமாற்றிவிட்டது" என்று எழுதத் தோன்றும். ஆனால் அதிமுக நின்றது 188 தொகுதிகளில். திமுக நின்றது 132 தொகுதிகளில்தான், மீதியைக் காங்கிரஸ், பாமக, இடதுசாரிகள் என்று பிரித்துக் கொடுத்திருந்தது. நிற்காத தொகுதியில் ஒரு கட்சிக்கு வாக்கு எப்படி விழும்? போட்டியிட்ட தொகுதிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் திமுகவுக்கு ஏறக்குறைய 46 சதவீதம், அதிமுகவுக்கு 40ஐ ஒட்டி வரும். கதை தலைகீழாகிவிடுகிறது.

அதே தேர்தலில் இன்னொரு ஜோடியும் இருக்கிறது. காங்கிரஸும் தேமுதிகவும் மாநில அளவில் கிட்டத்தட்ட ஒரே அளவு, 8.4 சதவீதத்தை ஒட்டி, வாங்கின. காங்கிரஸ் கூட்டணியில் 48 தொகுதிகளில் நின்று 34 ஜெயித்தது. தேமுதிக தனியாக 232 தொகுதிகளில் நின்று விருத்தாசலம் ஒன்றை மட்டும் பிடித்தது. ஒரே சதவீதம் என்பதற்காக இரண்டையும் "ஒரே பலம்" என்று ஒரே உயரப் பட்டையாக வரைந்தால் அந்த வரைபடம் பொய் சொல்கிறது. ஒன்றில் கூட்டணிக் கட்சிகளின் வாக்கும் கலந்திருக்கிறது, இன்னொன்று தனித்து நின்று திரட்டியது.

2016ஐயும் இப்படித்தான் தப்பாக எழுதுகிறார்கள். அதிமுக 41, திமுக 32, ஆக ஒன்பது சதவீத இடைவெளி என்று. அந்தத் தேர்தலில் இரட்டை இலை எல்லாத் தொகுதியிலும் நின்றது. திமுக காங்கிரஸுக்கு மட்டுமே 41 தொகுதிகளை விட்டுக்கொடுத்திருந்தது. கூட்டணியோடு கூட்டணியை ஒப்பிட்டால் இடைவெளி ஒரு சதவீதம்தான். ஒன்பது என்று நினைத்து எழுதுபவர் அடுத்து வரும் ஐந்து வருட அரசியலை முழுக்கத் தப்பாகப் புரிந்துகொள்வார். கட்சியின் சதவீதத்தைப் போடும்போது பக்கத்திலேயே போட்டியிட்ட தொகுதிகளின் எண்ணிக்கையையும் போட்டுவிடுங்கள். இடமில்லை என்றால் கூட்டணி வாரியாகப் போடுங்கள்.

கட்சி என்ற நெடுவரிசை

தேர்தல் ஆணையத்தின் அட்டவணையில் 2021இல் திமுகவுக்கு 133 இடம் என்று இருக்கும். அதில் எட்டுப் பேர் மதிமுக, மனிதநேய மக்கள் கட்சி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, தமிழக வாழ்வுரிமைக் கட்சி ஆகியவற்றிலிருந்து வந்து உதயசூரியனில் நின்று ஜெயித்தவர்கள். சட்டப்படி அவர்கள் திமுக உறுப்பினர்கள், கொறடா உத்தரவு அவர்களையும் கட்டும். அரசியலில் அவர்கள் வேறு கட்சி. இரண்டுமே உண்மை, நீங்கள் எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஒரே கட்சிக்குள்ளேயே இது நடந்திருக்கிறது. 2019 மக்களவைத் தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகளின் திருமாவளவன் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்றார், ரவிக்குமார் விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்றார். கட்சிப் பெயரை மட்டும் வடிகட்டி எடுத்தால் இரண்டில் ஒரு வெற்றி காணாமல் போய்விடும்.

அப்புறம் கூட்டல். "இவர்களும் அவர்களும் சேர்ந்திருந்தால்" என்று அட்டவணையின் இரண்டு நெடுவரிசைகளைக் கூட்டி எழுதப்படும் கட்டுரைகளுக்கு அளவே இல்லை. 2014 மக்களவைத் தேர்தலில் அதிமுக தனியாக 44 சதவீதம் வாங்கியது. பாஜக, தேமுதிக, பாமக, மதிமுக இருந்த அணி 18க்கு மேல் வாங்கியது. அந்த அணியில் மதிமுக தவிர முக்கியமான எல்லோரும் 2019இல் அதிமுகவோடு சேர்ந்தார்கள். கூட்டிப் பார்த்தால் 60ஐ நெருங்க வேண்டும். கிடைத்தது 30 சதவீதத்தை ஒட்டி, ஜெயித்தது தேனி ஒன்றுதான். இடையில் ஜெயலலிதா மறைந்திருந்தார், கட்சி பிளந்திருந்தது, கூட்டணியே சிலருக்குப் பிடிக்காமல் போனது. வாக்காளர் தன் கட்சி சொன்ன இடத்துக்கெல்லாம் அப்படியே நகர்வார் என்பதை எந்த அட்டவணையும் உறுதி செய்வதில்லை.

பெயரை வைத்து இணைப்பது

இரண்டு தேர்தல்களின் அட்டவணையைத் தொகுதிப் பெயரை வைத்து இணைக்கிறோம். தமிழ்நாட்டில் திருப்பத்தூர் என்ற பெயரில் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. ஒன்று வாணியம்பாடிக்குப் பக்கத்தில், எண் 50. இன்னொன்று சிவகங்கை மாவட்டத்தில், எண் 185. பெயரால் இணைத்தால் ஒன்றின் வாக்கு மற்றதன் மேல் ஏறிவிடும், நிரல் எந்த எச்சரிக்கையும் தராது. எண்ணால் இணைத்தால் சரியா என்றால், 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முன்னால் போனால் அதுவும் உதவாது. கொளத்தூர் அப்போதுதான் உருவானது. சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் ஒன்றாகின. பெயர் மாறாத தொகுதிகள் பலவற்றிலும் எல்லை மாறியிருக்கிறது. 2006க்கும் 2011க்கும் இடையே "இந்தத் தொகுதியில் இவ்வளவு சரிவு" என்று எழுதும்போது இரண்டு வேறு நிலப்பரப்புகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

வேட்பாளர் பெயரும் அப்படித்தான். 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே பெயர், அதே இனிஷியலோடு வேறு சிலரும் மனுத்தாக்கல் செய்து களத்தில் இருந்தார்கள். பெயரால் தொகுத்துக் கூட்டினால் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

சாதியைக் கணிக்க முயல்வது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். வட இந்தியத் தேர்தல்களுக்கு எழுதப்பட்ட நிரல்களைக் கொண்டுவந்து, பெயரின் கடைசிச் சொல்லைப் பிடித்துச் சாதியைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானம் போட்டது. அதற்குப் பின் வந்த தலைமுறைகள் இனிஷியலும் பெயருமாகவே வாழ்கின்றன. எடப்பாடி கே. பழனிசாமி என்பதில் எடப்பாடி ஊர், பழனிசாமி அவருடைய சொந்தப் பெயர். நிரல் அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். இதிலிருந்து வருவது ஆய்வே இல்லை.

தொழில்நுட்பப் பிழையைவிட மோசமானது அடுத்த படி. படிவம் 20 என்ற பிடிஎஃப்பில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்பது இருக்கும். ஒரு சாவடியில் ஆயிரத்துச் சொச்சம் பேர். பல கிராமங்களில் ஊருக்கு ஒரு சாவடி, காலனிக்கு ஒரு சாவடி. அதை வரைபடத்தில் ஏற்றி "இந்த மக்கள் இவருக்குப் போட்டார்கள்" என்று எழுதினால், அந்தத் தெருவில் குடியிருப்பவர்களின் ரகசிய வாக்கைப் பெயரில்லாமல் காட்டிக்கொடுத்தது போலத்தான். வாக்குச்சீட்டுக் காலத்தில் எண்ணுவதற்கு முன் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்துவிட வழி இருந்தது. மின்னணு இயந்திரம் வந்தபின் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலிலிருந்தே இங்கே எல்லாத் தொகுதியிலும் இயந்திரம்தான். பல இயந்திரங்களின் வாக்கைச் சேர்த்து எண்ணும் டோட்டலைசர் கருவி வேண்டும் என்று சட்ட ஆணையமே 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தண்ணீர்க் குழாயும் சாலையும் யாருக்குப் போட்டாய் என்பதைப் பார்த்து வரும் ஊர்களில், உங்கள் அழகான வரைபடம் யார் கையில் போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். சாவடிகளைப் பத்து இருபதாகச் சேர்த்து வெளியிட்டால் உங்கள் வாதத்தின் பலம் பெரிதாகக் குறையாது.

இன்னும் சில

பட்ஜெட்டைப் பற்றி எழுதும்போது, ஒரு வருடத்தின் வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டை இன்னொரு வருடத்தின் இறுதிக் கணக்கோடு ஒப்பிடாதீர்கள். மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு மூன்றும் ஒரே ஆவணத்தில் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசையில் இருக்கும், கண் தவறுவது சுலபம். கடன் எவ்வளவு லட்சம் கோடி என்று மட்டும் எழுதினால் ஒவ்வொரு ஆட்சியும் முந்தையதைவிட மோசமாகத்தான் தெரியும். மாநில உள்நாட்டு உற்பத்தியில் அது எத்தனை சதவீதம் என்றும் சொல்லுங்கள்.

கூகுள் படிவத்தை வாட்ஸப் குழுக்களில் அனுப்பி வாங்கும் பதில்களுக்குக் கருத்துக்கணிப்பு என்று பெயர் வைக்க வேண்டாம். வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டு வெளியிடுவது சட்டப் பிரச்சினையும்கூட. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவின்படி, நாட்டின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும்வரை தடை, மீறினால் இரண்டு வருடம் வரை சிறை. 2024இல் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்றே வாக்களித்துவிட்டது. தடை ஜூன் 1 மாலை வரை இருந்தது.

எண்ணிக்கை நாளில் முன்னிலை நிலவரத்தை வைத்துக் கணிப்பு நிரல் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. ஒரு சுற்றில் வழக்கமாக 14 மேசைகளில் 14 சாவடிகள், அதுவும் சாவடி எண் வரிசையில் எண்ணப்படும். அதாவது முதல் நாலைந்து சுற்றுகள் தொகுதியின் ஒரு மூலையை மட்டுமே காட்டும். அதைத் தொகுதி முழுக்கக் கலந்து எடுத்த மாதிரி என்று எடுத்துக்கொண்டால் கணிப்பு கவிழும். 2021இல் காட்பாடியில் துரைமுருகன் கடைசியில் 746 வாக்கில்தான் கரையேறினார், தியாகராய நகர் 137 வாக்கில் முடிந்தது.

இவ்வளவு குறைந்த வித்தியாசம் என்றால் முடிவு அறிவித்தபின்னும் கதை முடிவதில்லை. 2016இல் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை 49 வாக்கில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. செல்லாது என்று ஒதுக்கப்பட்ட 203 அஞ்சல் வாக்குகளைக் காட்டி திமுகவின் அப்பாவு வழக்குப் போட்டார். அந்த வாக்குகளுக்குச் சான்றொப்பமிட்ட தலைமையாசிரியரைக் கெசட்டட் அதிகாரியாக ஏற்கலாமா என்பதுதான் அங்கே கேள்வி. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவில் மறுஎண்ணிக்கை நடந்தது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. உங்கள் சிஎஸ்வி கோப்பில் இது எதுவும் இருக்காது, 49 என்ற எண் மட்டும்தான் இருக்கும். தேர்தல் வழக்குப் போட 45 நாள் அவகாசம் உண்டு. வித்தியாசம் சில நூறுக்குள் இருக்கும் தொகுதிகளை வைத்து வாதம் கட்டுவதானால், அந்த அவகாசம் முடிந்தபின் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.