நீலகிரித் தேயிலையும் பன்னீர் ரோஜாவும் சேர்ந்த அடுக்குக் கேக்: புதிதாகச் செய்பவர்களுக்கு

தேயிலையின் மணத்தையும் பூவின் மணத்தையும் ஒரே கேக்கில் கொண்டுவருவதற்கு அரிய பொருள்களோ விலையுயர்ந்த கருவிகளோ தேவையில்லை. எதை எப்போது சேர்ப்பது என்பது தெரிந்திருந்தால் போதும். தேயிலையின் சுவை அடுப்புச் சூட்டைத் தாங்கி நிற்கும். ரோஜாவின் மணமோ சூடு பட்டால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். எனவே இந்தச் செய்முறையில் தேயிலை கேக்குடன் சேர்ந்து வேகிறது. ரோஜா பாகிலும் கிரீமிலும் மட்டும், அதுவும் ஆறிய பிறகே சேர்கிறது. இந்த இரண்டு மணங்களும் ஒத்துப்போவதற்குக் காரணம் உண்டு. ஜெரானியால் என்னும் மணப்பொருள் ரோஜா இதழிலும் இருக்கிறது, தேயிலையிலும் இருக்கிறது. நல்ல தேநீரை முகர்ந்தால் மெல்லிய பூவாசனை வருவதற்கு இத்தகைய பொருள்களே காரணம்.

தேயிலையும் பூவும்

நாம் அன்றாடம் கொதிக்கவைக்கும் டஸ்ட் தேயிலை இந்தக் கேக்குக்கு ஏற்றதன்று. சிடிசி முறையில் நசுக்கி உருட்டப்பட்ட தேயிலை நிறத்தையும் கடுப்பையும் விரைவாக இறக்கும். மணத்தில் அது பின்தங்கிவிடும். இலை வடிவம் குலையாமல் தயாரிக்கப்படும் ஆர்த்தடாக்ஸ் தேயிலையை வாங்குங்கள். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலை புவிசார் குறியீடு பெற்றது. குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கம் போகிறவர்கள் தேயிலைக் கடைகளில் எளிதாக வாங்கலாம். அதிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலத்தில் பறித்த கொழுந்து என்றால் மணம் தனியாகத் தெரியும். மல்லிகை மணமேற்றிய தேயிலையையும் பயன்படுத்தலாம். சீனாவின் ஃபூஜோ நகரத்தில், மாலையில் வரும் மல்லிகை மொட்டுகளைத் தேயிலையுடன் கலந்து வைத்து, அவை இரவில் மலரும்போது வெளிவிடும் மணத்தைத் தேயிலையையே உறிஞ்சவைப்பது பழைய தொழில். அந்தத் தேயிலையைப் பயன்படுத்தினால், பாகிலும் கிரீமிலும் ரோஜாவின் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு பூக்களும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

பூவைப் பொறுத்தவரை நான் கண்டிப்பாகச் சொல்ல விரும்புவது இதுதான்: பூக்கடையில் சரத்துக்காகவும் மாலைக்காகவும் விற்கும் ரோஜாவை உணவில் சேர்க்காதீர்கள். அவை உண்பதற்காக வளர்க்கப்பட்டவை அல்ல. பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருக்கும், கழுவினாலும் முழுவதும் போய்விடும் என்று நம்ப முடியாது. வீட்டுத் தொட்டியில் மருந்தடிக்காமல் வளர்த்த பன்னீர் ரோஜா இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாதவர்கள் உணவுக்கென்று விற்கப்படும் உலர்ந்த இதழ்களை வாங்கலாம். பன்னீரிலும் இதே கவனம் வேண்டும். பூஜைக்கும் திருமண வரவேற்பில் தெளிப்பதற்கும் விற்கப்படும் பன்னீர், பல நேரங்களில் செயற்கை வாசனை கலந்த தண்ணீராகவே இருக்கும். புட்டியில் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், உட்கொள்ளத் தக்கது என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். அலங்காரம் அழகாக இருக்கிறதே என்று அரளி, செங்காந்தள், நித்தியகல்யாணி போன்ற பூக்களைக் கேக்கின் மேல் வைப்பதும் கூடாது. இவை நச்சுத்தன்மை உடையவை.

கேக்கைச் சுடுதல்

கீழே உள்ள அளவு 15 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் கொண்ட இரண்டு வட்ட டின்களுக்கு உரியது. மைதா 180 கிராம், சர்க்கரை 170 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், முட்டை 3, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, கொழுப்பு நீக்காத பால் 200 மி.லி., தேயிலை 15 கிராம். சமையலில் கண்ணளவு பலருக்குக் கைகொடுக்கும். கேக்கில் அது கைகொடுக்காது. ஆகவே ஒரு சிறிய டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்வது நல்லது.

முதல் வேலை பாலில் தேயிலையை ஊறவைப்பது. பாலை மிதமான தீயில் வைத்து, ஓரங்களில் சிறு குமிழிகள் தோன்றி ஆவி எழத் தொடங்கியதும், பொங்க விடாமல் அடுப்பை அணைத்துவிடுங்கள். தேயிலையைப் போட்டு மூடி 10 நிமிடம் வையுங்கள். வீட்டில் தேநீருக்குக் கொதிக்கவைப்பதுபோல் இங்கே கொதிக்கவைத்தால், மணம் ஆவியோடு போய், துவர்ப்பு மட்டும் அதிகமாக இறங்கும். கொழுப்புள்ள பாலைச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது: மணப்பொருள்கள் பலவும் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும், பாலின் புரதமோ துவர்ப்பைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு மட்டுப்படுத்தும். வடிகட்டும்போது இலையைக் கரண்டியால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும். ஒட்டப் பிழிய வேண்டாம். வடிந்த பாலில் 120 மி.லி. அளந்து எடுத்து முழுவதும் ஆறவிடுங்கள். குறைந்தால் சாதாரணப் பாலைச் சேர்த்து ஈடுகட்டலாம். பால் செங்கல் நிறத்தில் இருக்க வேண்டும். ஒரு சொட்டு வாயில் விட்டுப் பார்த்தால், குடிக்கும் தேநீரைவிடத் திடமாகத் தெரிய வேண்டும். மாவும் சர்க்கரையும் அந்தச் சுவையைப் பாதியாக்கிவிடும் என்பதால் இந்தத் திடம் அவசியம்.

ஓடிஜி எனப்படும் மின்சார அடுப்பின் மேல், கீழ்ச் சூட்டுக் கம்பிகள் இரண்டையும் இயக்கி, 170 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் முன்சூடு செய்யுங்கள். டின்களில் வெண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பர் இடுங்கள். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்து இருமுறை சலித்து வையுங்கள்.

வெண்ணெயின் பதம்தான் புதியவர்களைத் தடுமாறவைக்கும் இடம். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளப்பாக உருகியிருக்கக் கூடாது. நம் ஊர் வெயில் காலத்தில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த 20 நிமிடத்திலேயே இந்தப் பதம் வந்துவிடும். மறந்துவிட்டால் கைமீறிப் போகும். வெண்ணெயையும் சர்க்கரையையும் பீட்டரால் 4 அல்லது 5 நிமிடம் அடியுங்கள். சர்க்கரைத் துகள்கள் வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. அடுப்பில் விரிவது அந்தக் காற்றுதான். மஞ்சள் நிறம் வெளிறி, கலவை பஞ்சுபோல் ஆனதும், குளிர்ச்சி நீங்கிய முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். கலவை திரிந்ததுபோல் தோன்றினால் ஒரு கரண்டி மாவைச் சேருங்கள், சரியாகிவிடும்.

இனி பீட்டர் வேண்டாம். மாவை மூன்று பங்காகவும் தேயிலைப் பாலை இரண்டு பங்காகவும் வைத்துக்கொண்டு, மாவில் தொடங்கி மாவில் முடியும்படி மாற்றி மாற்றிச் சேர்த்து, ஸ்பேச்சுலாவால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்குங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலும் கலக்கினால் மாவின் புரதம் இறுகிக் கேக் ரப்பர்போல் ஆகும். கலவை இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கும். தராசில் வைத்து இரண்டு டின்களிலும் சமமாக நிரப்பி, நடுத் தட்டில் 28 முதல் 32 நிமிடம் சுடுங்கள். முதல் 20 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. 10 நிமிடம் கழித்து டின்னிலிருந்து எடுத்து, கம்பித் தட்டில் ஆறவிட்டு, உறையில் சுற்றி, குறைந்தது 2 மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் குளிரவையுங்கள். குளிர்ந்த கேக்தான் உதிராமல் வெட்டுப்படும்.

பாகும் கிரீமும்

சர்க்கரை 80 கிராமைத் தண்ணீர் 100 மி.லி.யில் கரைத்து ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். கம்பிப் பதம் தேவையில்லை. கைபொறுக்கும் சூடும் போன பிறகே ஒரு மேசைக்கரண்டி பன்னீரைக் கலக்குங்கள்.

கிரீமுக்குக் கொழுப்பு 35 சதவீதம் அளவில் உள்ள விப்பிங் கிரீம் 400 மி.லி. வேண்டும். கடைகளில் சிறு அட்டைப் பெட்டியில் வரும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீத அளவே இருக்கும். எவ்வளவு அடித்தாலும் அது நிற்காது. பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும் 20 நிமிடம் உறைபெட்டியில் வைத்து எடுங்கள். கிரீமுடன் பொடித்த சர்க்கரை 25 கிராமும் பன்னீர் 2 தேக்கரண்டியும் சேர்த்து முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் அடியுங்கள். கம்பியின் தடம் மறையாமல் நிற்கத் தொடங்கியதும் கண்ணை எடுக்காதீர்கள், ஏனெனில் அதன் பிறகு ஒரு நிமிடம் கூடினாலும் வெண்ணெயாகத் திரிந்துவிடும். பன்னீர் போதவில்லை என்று தோன்றினால் துளித் துளியாகச் சேருங்கள். அளவு மீறினால் சோப்பின் வாசனை வந்துவிடும், திருத்தவும் முடியாது.

அடுக்குதல்

கேக்கின் மேல்மேட்டைச் சீவிவிட்டு, பல்லுள்ள நீண்ட கத்தியால் பக்கவாட்டில் நடு உயரத்தில் சுற்றிலும் ஒரு சிறு கோடு கீறுங்கள். பிறகு அந்தக் கோட்டிலேயே கத்தியை வைத்து, கேக்கைச் சுழற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தினால் அடுக்கு சாயாமல் பிரியும். இப்படி நான்கு அடுக்குகள் கிடைக்கும். ஒவ்வோர் அடுக்கிலும் 2 மேசைக்கரண்டி பாகைத் தூரிகையால், ஓரத்திலிருந்து தொடங்கித் தடவுங்கள். விரைவில் காய்வது ஓரம்தான். மூன்று இடைவெளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி குல்கந்தை (ரோஜா இதழைச் சர்க்கரையில் ஊறவைத்தது) மெல்லியதாகப் பரப்பி, அதன்மேல் கிரீமை இடுங்கள். குல்கந்து இல்லாமலும் செய்யலாம். ஆனால் ரோஜா இதழ் வாயில் அகப்படுகிற அந்தச் சுவை பன்னீரால் மட்டும் வராது என்பதால், அதைச் சேர்ப்பதையே நான் விரும்புகிறேன். மீதக் கிரீமை மேற்புறத்தில் பூசி, பக்கங்களில் அடுக்குகள் தெரியும்படி மெல்லியதாக வழித்துவிடுங்கள்.

புதிய இதழ்களை வைப்பதானால், கழுவித் துணியில் ஒற்றி, அடியிலுள்ள வெள்ளைப் பகுதியைக் கிள்ளி எறியுங்கள், அது கசக்கும். பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் இதழ்களை வைக்க வேண்டும், இல்லையேல் வாடிவிடும். அடுக்கிய கேக்கை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் 2 நாள் நன்றாக இருக்கும். மறுநாள் பாகு ஊறித் தேயிலைச் சுவையும் கூடியிருக்கும். குளிரில் வெண்ணெய் இறுகி மணம் அடங்கிவிடுவதால், உண்பதற்கு 20 நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். கோடைக்காலத்தில் 10 நிமிடம் போதும், கிரீம் இளகிவிடும்.