கிழவர் விட்டுச்சென்ற துவக்கு: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஒன்ராறியோவின் சிறிய ஊர் ஒன்றில் நான் வாடகைக்கு இருந்தபோது, கீழ்த்தளத்தில் வசித்த வீட்டுக்காரக் கிழவர் ஒருநாள் என்னை அழைத்துச் சுவரலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு துவக்கு சாய்ந்திருந்தது. நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். சோதனைச் சாவடிகளில் மட்டுமே துவக்கைப் பார்த்துப் பழகிய கண்கள் என்னுடையவை. அவருக்கோ அது அப்பா மான் வேட்டைக்குக் கொண்டுபோன பொருள், நம் வீட்டில் தாத்தாவின் பாக்குவெட்டி இருப்பதைப் போல. "எனக்குப் பிறகு இதை நீ வைத்துக்கொள்" என்றார். இரண்டு ஆண்டுகளில் அவர் போய்விட்டார். உயிலில் உண்மையாகவே எழுதியிருந்தார்.

இப்படி ஒன்று உங்களுக்கும் நேரலாம். பண்ணை வீடு வாங்கியவர்களும், முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறவர்களும், வெள்ளைக்காரக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்களும் என்னிடம் இதையே கேட்கிறார்கள்.

அவர்கள் விவரிக்கும் துவக்கு பெரும்பாலும் ஒன்றுதான்: விசையைச் சுற்றி வளையம் போல ஒரு நெம்புகோல், குழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாய். நெம்புகோலைக் கீழே தள்ளி இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 94 இந்த வகையின் மன்னன். 1894 முதல் 2006 வரை 70 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஆகவே கிடைத்தது புதையல் என்று உடனே துள்ள வேண்டாம். நெம்புகோலை ஆட்டிப் பார்க்கவும் வேண்டாம். அந்தக் குழாய்க்குள் நாற்பது வருடத்துத் தோட்டா இன்னும் படுத்திருக்கலாம்.

கையில் வாங்குவதற்கு முன் உரிமம் வேண்டும். இங்கே அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கமாக 'பால்' (PAL) என்பார்கள். 18 வயது நிரம்பியிருந்தால் போதும், குடியுரிமை தேவையில்லை. பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்குப் போய், எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறி, கனடாவின் மத்திய பொலிசான ஆர்.சி.எம்.பி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் உரிமத்துக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பு உண்டு. நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கும். விண்ணப்பத்தில் உங்கள் துணையின் கையெழுத்துக்கும் இடம் இருக்கிறது. அவர் கையெழுத்திடாவிட்டால் அலுவலகமே அவருக்குத் தகவல் அனுப்பும். எனவே வீட்டில் முதலில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் படிவத்தை நிரப்பி, இரண்டு நாள் கோப்பியை நானே போட்டுக் குடித்தேன்.

புதிதாக வந்தவர்களிடம், முன்பு வாழ்ந்த நாட்டுப் பொலிசாரின் நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்கலாம். அகதிக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர் இலங்கைப் பொலிசுக்குக் கடிதம் எழுதுமுன் தம் வழக்கறிஞரிடம் கட்டாயம் பேச வேண்டும். துவக்கு காத்திருக்கும். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றவியல் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். நிரந்தர வதிவிட அட்டைக்காரருக்கு அந்த வழக்கு நீதிமன்றத்தோடு முடியாது, குடிவரவு நிலையையே ஆட்டிப் பார்க்கும்.

கிழவரின் மகள் நல்லெண்ணத்தில், "காரில் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன்" என்றார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். உயிலை நிறைவேற்றுபவர், நீதிமன்றத் தடை எதுவும் அவர்மேல் இல்லாவிட்டால், உரிமம் இல்லாமலே நியாயமான காலம்வரை அதைப் பத்திரமாக வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மகளுடையது, ஆகவே அவரே வைத்திருந்தார். என் உரிமம் வந்ததும், அதை ஆர்.சி.எம்.பி.யிடம் சரிபார்த்து ஒப்புதல் இலக்கம் பெற்ற பிறகே கைமாற்றினோம். 2022 மே மாதத்திலிருந்து இது கட்டாயம். கியூபெக்கில் இருப்பவர்கள் மாகாணப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். மொன்றியால் உறவினர்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை.

"மிகப் பழையது, அதற்கு உரிமம் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1898க்கு முன் செய்தவற்றுக்குச் சலுகை இருப்பது உண்மை. ஆனால் தோட்டாவின் அடியில் நடுவே தட்டி வெடிக்கும் வகையாக இருந்து, பல தோட்டாக்களை உள்ளே அடுக்கிச் சுடுவதாகவும் இருந்தால் அந்தச் சலுகை இல்லை. வின்செஸ்டரின் 1873, 1876 மாதிரிகள் இதில் அடிபட்டுப் போகின்றன. விளிம்பில் தட்டி வெடிக்கும் பழைய 1866 மாதிரி தப்பிவிடுகிறது.

இனி விலை. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது தொடரிலக்கத்தை. 1964இல் வின்செஸ்டர் செலவைக் குறைக்க உற்பத்தி முறையை மாற்றியது, தரம் இறங்கியது. 94இல் இலக்கம் 27 இலட்சத்துக்குக் கீழே இருந்தால் அது மாற்றத்துக்கு முந்தையது, மதிப்பும் கூடுதல். 1967இல் கனடாவின் நூற்றாண்டுக்காக மேப்பிள் இலை பொறித்து வந்த பதிப்பைப் பலர் பொக்கிஷம் போலக் காட்டுவார்கள். ஏராளமாகச் செய்தது அது, பெட்டி பிரிக்காமல் இருந்தாலொழிய பெரிய விலை கிடையாது. அதற்கு மாறாக, சி எழுத்துக்குள் அம்புக்குறி பொறித்த பழைய 94 கண்ணில் பட்டால் நிதானமாகப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கொலம்பியக் கரையைக் காத்த பசிபிக் கரையோர ரேஞ்சர்களுக்கு அரசு கொடுத்தவற்றில் ஒன்றாக இருக்கலாம். வடமேற்குக் குதிரைப் பொலிசார் வைத்திருந்த 1876 மாதிரிக் கார்பைன்களுக்கு, அதாவது குட்டைக் குழல் துவக்குகளுக்கு, இன்னும் கிராக்கி. போலி முத்திரைகளும் அவற்றில்தான் அதிகம்.

தயவுசெய்து தேய்த்து மினுக்காதீர்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் நம் பழக்கம் இங்கே காசை நேராகக் குப்பையில் கொட்டும். மங்கிய நீலப்பூச்சும் மரப்பிடியின் கீறல்களும் இருந்தபடியே இருக்கட்டும். மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். சுட விரும்பினால், அடிக்குழாய்க்குத் தட்டை மூக்குச் சன்னம் (தோட்டாவிலிருந்து பாய்ந்து போகும் முனைப்பகுதி) கொண்ட தோட்டாவே வாங்குங்கள். கூர்மூக்கு, முன்னாலிருக்கும் தோட்டாவின் அடியைக் குத்தி உள்ளேயே வெடிக்க வைத்துவிடும்.

வீட்டில் தோட்டாவை அகற்றி, விசைப் பூட்டுப் போட்டு, பூட்டிய அலமாரியில் வையுங்கள். தோட்டாக்களுக்கு வேறு பூட்டு. எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவுக்குச் சாமான் வாங்கப் போகும் முன் காரின் பின்பெட்டியைத் துழாவிப் பாருங்கள். ஒற்றைத் தோட்டா கிடந்தாலும் எல்லையில் அன்றைய பயணம் அங்கேயே முடியும். வீடு மாறினால் 30 நாட்களுக்குள் புதிய முகவரியை அறிவிக்க வேண்டும். வந்த புதிதில் நாம் வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிறோம். மின்கட்டணம், தொலைபேசி, பிள்ளைகளின் பள்ளி என்று எழுதிவைக்கும் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.