அப்பாச்சி லாக்கில் நீண்டுபோன அந்த ஒரு வரி

2021 அக்டோபரில் என் அப்பாச்சி வெப் சர்வரின் ஆக்சஸ் லாக்கை, அதாவது வந்த கோரிக்கைகளின் பதிவேட்டை, பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி மட்டும் முடியாமல் நீண்டது: கேள்விக்குறிக்குப் பின் ‘யூனிக்ஸ்:’, ஆயிரக்கணக்கில் ‘ஏ’ எழுத்து, கடைசியில் ஒரு செங்குத்துக் கோடு, 169.254.169.254. கிளவுட் சர்வர்கள் தங்கள் தற்காலிக அணுகல் சாவிகளை வாங்கும் முகவரி அது. யாரோ என் சர்வரை வைத்தே அதைக் கேட்கப் பார்த்திருக்கிறார். நெஞ்சு பதறிவிட்டது.

சிவிஇ-2021-40438 என்று எண்ணிடப்பட்ட பாதுகாப்பு ஓட்டைதான் அது. அப்பாச்சி 2.4.48 வரை, கோரிக்கைகளை வேறு சர்வர்களுக்குக் கடத்தும் மாட் ப்ராக்ஸி என்ற மாட்யூலில் இருந்தது. ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் சாக்கெட்டைக் குறிக்கும் ‘யூனிக்ஸ்:’, முகவரியின் தொடக்கத்தில்தான் வர வேண்டும். நிரலோ எங்கே இருந்தாலும் ஏற்றுக்கொண்டது. சாக்கெட் பாதை அளவுக்கு மீறி நீண்டால் பாதையே வெறுமையாகிவிடும். உடனே கோட்டுக்கு அப்பால் எழுதிய முகவரிக்குக் கோரிக்கை போய்விடும். உள்ளே வருவதை மட்டும் காவல் காத்தால் போதும் என்று இருந்தேன், தவறு.

திருத்தம் 2.4.49-இல் வந்தது. ஆனால் அதில் கோப்புப் பாதையை வளைத்து வெளியாள் கோப்புகளை எட்டும் ஓட்டை புதிதாக முளைத்தது, 2.4.50-இன் திருத்தமும் அரைகுறை. நேராக 2.4.51-க்குப் போனேன். ப்ராக்ஸி தேவைப்படாத சர்வர்களில் அந்த மாட்யூலையே நிறுத்தினேன். அப்பாச்சியின் பயனர் கணக்கிலிருந்து அந்த முகவரிக்குப் போகும் வழியை ஃபயர்வாலில் அடைத்து, சாவிகள் அனைத்தையும் அன்றிரவே மாற்றினேன்.