எந்தச் செய்தியை எப்போது பார்ப்பது: டெஸ்க்கில் இருந்தவள் சொல்வது

சென்னையில் ஒரு தமிழ்ச் செய்தி சேனலின் டெஸ்க்கில் பல வருடம் இருந்தேன், பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். ஸ்க்ரோல் (திரையின் அடியில் ஓடும் செய்தி வரி) அடிப்பது, பிரேக்கிங் போடுவது, சம்பவ இடத்து நிருபரைப் போனோவில், அதாவது போன் வழியாக நேரலையில் பேச, பிடித்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. அங்கிருந்து வெளியே வந்த பிறகு உறவுக்காரர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "அப்பா காலையில நியூஸ் போட்டா ராத்திரிவரை நிறுத்த மாட்டேங்கிறாரு, என்ன பண்றது?" சிலருக்கு டிவி இல்லை, போன். நடு ராத்திரி விழிப்பு வந்தாலும் கை அதைத் தேடுகிறது.

செய்தியே பார்க்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு செய்திக்கும் புதுத் தகவல் வரும் நேரம் என்று ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டு அப்போது மட்டும் பாருங்கள் என்பேன்.

2019 அக்டோபர் 25, மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. 29ஆம் தேதி அதிகாலையில்தான் உடலை எடுத்தார்கள். நடுவில் தீபாவளி வந்து போனது. தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அத்தனை மணி நேரத்தில் உண்மையில் மாறிய தகவல்கள் கொஞ்சம்தான்: குழந்தை இன்னும் ஆழத்துக்கு இறங்கியது, பக்கத்தில் குழி தோண்ட ரிக் இயந்திரம் வந்தது, பாறை குறுக்கிட்டு வேலை மெதுவானது, கடைசியில் முடிவு. மற்ற நேரமெல்லாம் அதே ரிக், அதே போனோ, அதே வாக்கியம் வேறு குரலில். கேமராவை அணைத்துவிட்டுப் போக எந்தச் சேனலாலும் முடியாது, ஏனென்றால் பக்கத்துச் சேனல் காட்டிக்கொண்டிருக்கும். பார்த்தவர்கள் அழுதது உண்மையான அழுகை. ஆனால் தூங்காமல் பார்த்ததால் அங்கே ஒரு அடி கூடுதலாகத் தோண்டப்படவில்லை.

சரி, எப்போது பார்ப்பது?

ஓட்டு எண்ணிக்கை என்றால், காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு, 8.30க்கு இயந்திரம். முதல் சில சுற்றில் வரும் முன்னிலையை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. 2024 ஜூன் 4 அன்று தருமபுரியில் காலையில் சௌமியா அன்புமணி முன்னிலையில் இருந்தார். கடைசியில் திமுகவின் ஆ.மணி 20,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். காலையிலிருந்து பார்த்தவருக்கு நாள் முழுக்கப் படபடப்பு. மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தைத் திறந்தவருக்கு முழு விவரமும் கிடைத்தது.

புயல் என்றால், சென்னை வானிலை மையத்தின் அறிக்கையைப் பாருங்கள். புயலாக மாறிய பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அறிக்கை வரும். உங்கள் மாவட்டத்துக்கு என்ன நிறம், மஞ்சளா ஆரஞ்சா சிவப்பா, அதைப் பாருங்கள். கடற்கரையில் குடை திரும்பும் காட்சியிலிருந்து உங்கள் தெருவைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் தாழ்வான இடத்தில் இருப்பவர்கள், மீனவக் குடும்பங்கள் இந்த விஷயத்தில் தாராளமாக அதிகம் பார்க்கலாம். அவர்களுக்கு அது வேலை.

பட்ஜெட், தீர்ப்பு, தேர்வு முடிவு எல்லாம் தேதி சொல்லிவிட்டு வருபவை. மறுநாள் பேப்பரில் நிதானமாகப் படித்தால் நன்றாகப் புரியும்.

வெளிநாட்டுப் போர்தான் கஷ்டம், அதற்குக் குறித்த நேரம் கிடையாது. சொந்தக்காரர் அங்கே இருந்தால் அவரிடம் பேசுங்கள், தூதரக அறிவிப்பைப் பாருங்கள். இல்லாதவர்களுக்கு இரவு ஒரு புல்லட்டின் போதும்.

அப்புறம் போன். முதலில் பிரௌசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷனுக்குப் போங்கள். என்றைக்கோ 'அனுமதி' அழுத்திய செய்தித் தளங்கள் அங்கே வரிசையாக இருக்கும், எல்லாவற்றையும் நிறுத்துங்கள். யூடியூபில் ஆட்டோபிளேயை அணையுங்கள். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஓட விடுவது அதுதான். வாட்ஸ்அப் குடும்பக் குழுவிலிருந்து வெளியேற வேண்டாம், அது மனஸ்தாபத்தில் முடியும். மியூட்டில் 'எப்போதும்' என்று இருக்கும், அதைப் போடுங்கள். அங்கே வருவதில் பாதி பழைய வீடியோ, தேதி இருக்காது. படுக்கும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும். அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். ஓய்வு பெற்றவருக்கு அந்த டிவிதான் நாள் முழுக்கப் பேச்சுத்துணை. என் பெரியப்பாவுக்கு நான் செய்தது: காலையில் பேப்பர் வந்ததும் அவர் தலைப்புகளை எனக்குப் படித்துச் சொல்ல வேண்டும், நான் கேள்வி கேட்பேன். ஊரில் இல்லாத நாளில் போனில். அதில் அரை மணி போய்விடும், பகலில் டிவி போடும் வேகம் தானாகக் குறைந்தது. ராத்திரி விவாத நிகழ்ச்சியை மட்டும் அவர் விடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சாப்பாட்டை முடித்துவிட்டுப் பாருங்கள் பெரியப்பா என்று சொல்லியிருக்கிறேன், கேட்கிறார்.