கன்றுக்குட்டியைக் காலில் கட்டாதீர்கள்: சைக்கிள் ஸ்டாண்டு அமைப்பது எப்படி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சைக்கிள் ஸ்டாண்டு அமைப்பதெல்லாம் என் வேலை கிடையாது. ஆனால் இரண்டு வருசத்துக்கு முன்னால், ஆடி மாசம் ஒரு மத்தியானம், வெளியே சடசடவென்று தகரக் கடை சரிந்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் முப்பத்தெட்டு சைக்கிளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன. பதினோரு சைக்கிளுக்கு முன்சக்கர ரிம் கோட்டம். பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் மெசினில், தைக்கிற டைலர் ஒருவர் தன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். அது நடனம் ஆடிக்கொண்டே சுற்றியது. என் பக்கம் திரும்பி, "ஏனுங்கக்கா, இந்த ஸ்டேண்ட வாங்கினது ஆருங்க?" என்றார்.

வாங்கியது கம்பெனி. மாடலைப் பார்த்துத் தலையாட்டி, பில்லில் கையெழுத்துப் போட்டது நான்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். தரையில் முழங்கால் உயரத்துக்கு வரிசையாகக் கம்பிகள், நடுவில் நாலு விரல் சந்து. அந்தச் சந்துக்குள் முன்சக்கரத்தைச் சொருகிவிட்டுப் போக வேண்டும். பார்க்க ஒழுங்காக இருக்கும், விலையும் குறைவு. அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் காங்கேயத்தில் இருபது வருசத்துக்கு மேல் சைக்கிள் ஸ்டாண்டு நடத்தியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "கன்னுக்குட்டியக் கழுத்துல கட்டுவியா, கால்லயா கட்டுவே?"

விசயம் இவ்வளவுதான். சக்கரம் மேலிருந்து வரும் பாரத்தைச் சுமக்கச் செய்தது. இரண்டு மூட்டை வைத்தாலும் போக்ஸ் கம்பி தாங்கும். ஆனால் பக்கவாட்டு நெட்டலை அது தாங்காது. சக்கரத்தை மட்டும் கவ்விக்கொண்டு நிற்கும் சைக்கிளைக் காற்று தள்ளினால், ஹேண்டில் பார், கேரியர், டிபன் பை என்று மொத்த எடையும் அந்த ரிம்மைத்தான் முறுக்கும். அதனால் நல்ல ஸ்டாண்டு என்பது சைக்கிளின் உடம்பை, அதாவது பிரேமைத் தாங்க வேண்டும். அதுவும் இரண்டு இடத்தில் தாங்க வேண்டும். பூட்டும் பிரேமோடு சேர்த்துப் போட வசதி வேண்டும். சொருகு ஸ்டாண்டில் சங்கிலி முன்சக்கரத்துக்கு மட்டும்தான் எட்டும். நட்டைக் கழற்றிச் சக்கரத்தை விட்டுவிட்டு மீதியைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

இந்த வேலைக்கு உலகம் பூராவும் பயன்படுவது தலைகீழாகக் கவிழ்த்த 'ப' வடிவக் குழாய். இங்கிலாந்தில் எஃகுக்குப் பேர்போன ஊர் ஷெஃபீல்டு. அதன் பேரால் இதை ஷெஃபீல்டு ஸ்டாண்டு என்கிறார்கள். நம் ஊர் வெல்டிங் பட்டறையில் அந்தப் பேரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. "கவுத்துப்போட்ட ப" என்று சாக்பீஸில் வரைந்து காட்டினேன், புரிந்துகொண்டார்கள்.

அளவு இதுதான். இரண்டு அங்குல ஜி.ஐ. பைப். தரைக்கு மேலே உயரம் இரண்டரை அடி, நீளம் இரண்டரை அடி, இரண்டு காலும் மண்ணுக்குள் ஒவ்வொரு அடி. கூட்டினால் ஒன்றுக்கு ஒன்பதரை அடி. பைப் 20 அடி நீளத்தில் வரும், ஆக ஒரு பைப்பில் இரண்டு ஸ்டாண்டு. ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள். நாங்கள் பத்து பைப் வாங்கினோம். நாற்பது சைக்கிளுக்கு ஆயிற்று.

பட்டறையில் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நடுவில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒரு குறுக்குக் கம்பி வைக்கச் சொல்லுங்கள். நான் ஓட்டுவது லேடீஸ் சைக்கிள், மேல் பார் கிடையாது. குறுக்குக் கம்பி இல்லாவிட்டால் அது சரியாகச் சாயாது, சங்கிலி போடவும் இடம் இருக்காது. முதலில் செய்து வந்த நாலு ஸ்டாண்டில் அது இல்லை. எங்கள் செக்கிங் பெண்கள் வந்து சொன்ன பிறகுதான், லேடீஸ் சைக்கிள் ஓட்டுகிற எனக்கே உறைத்தது. இன்னொன்று, சைக்கிள் கடையில் வீணாகக் கிடக்கும் பழைய டியூப்பை வாங்கிக் குழாயில் சுற்றிவிட்டால் பெயிண்ட் உரசாது.

ஒரு ஸ்டாண்டுக்கும் அடுத்ததற்கும் மூன்று அடி விடுங்கள். "இடம் வீணாகுதுங்க, ரெண்டடி போதும்" என்று மேஸ்திரி சொல்வார். கேட்காதீர்கள். இரண்டடியில் ஹேண்டில் பாரும் ஹேண்டில் பாரும் கொம்பு கோத்துக்கொள்ளும், பெடல் பக்கத்துச் சக்கரத்தின் கம்பிக்குள் நுழையும். அப்புறம் இரண்டில் ஒன்றைத்தான் உள்ளே விடுவார்கள், பாதி ஸ்டாண்டு காலியாகக் கிடக்கும். அப்பா ஸ்டாண்டில் இதைவிட நெருக்கமாகத்தான் நிறுத்துவார். ஆனால் அங்கே நிறுத்துவதும் எடுப்பதும் அவரே. ஒன்றை முன்னே விட்டால் அடுத்ததை ஒரு முழம் பின்னே தள்ளி, பெரிய ஸ்டாண்டு போட்டு வைப்பார். ஹேண்டிலில் ஒரு தகர டோக்கன், ஆள் கையில் அதே நம்பரில் இன்னொன்று. காலை எட்டரைக்கு ஓடிவந்து பஞ்ச் வைக்கிற ஆள் அந்த நிதானத்தோடு நிறுத்துவாரா?

சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளியே குழி வெட்டுங்கள். ஒட்டி வைத்தால் முன்சக்கரம் சுவரில் முட்டி நின்றுவிடும், குழாய் ஹேண்டிலுக்கு மட்டும் எட்டும். சைக்கிள் நீளம் ஆறு அடி, உருட்டி வெளியே எடுக்க இன்னொரு ஆறு அடி. எங்களுக்கு 35 அடி நீள இடம்தான் கிடைத்தது. அதனால் எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவே ஆறு அடி வழி. கான்கிரீட் போட்டுக் குறைந்தது மூன்று நாள் தண்ணீர் விட்டு, அதுவரை கயிறு கட்டி வையுங்கள். நாங்கள் கட்டவில்லை. மறுநாளே ஒருவர் சாய்த்துவிட்டுப் போனார். அந்த ஒரு ஸ்டாண்டு இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது.

இனிக் காற்று. வேறு ஊர்க்காரர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வருகிற காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்கிறது. காற்றாலையைச் சுற்றுகிற காற்றுக்குச் சைக்கிள் எம்மாத்திரம்? புதிதாக ஸ்டாண்டு போட்டால், சைக்கிள் கிழக்கு மேற்காக நிற்கும்படி போடுங்கள். காற்று ஹேண்டிலில் பட்டு இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடும்.

ஸ்டாண்டே இல்லாத இடத்தில், சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துகிறீர்களா? தெற்குப் பார்த்து நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டு இடது பக்கம் இருக்கும், வண்டியும் இடது பக்கம்தான் சாய்ந்து நிற்கும். தெற்குப் பார்த்தால் மேற்குக் காற்று வலது பக்கத்தில் பட்டு, வண்டியை ஸ்டாண்டின் மேலேயே அழுத்தும். வடக்குப் பார்த்து நிறுத்தினால் அதே காற்று தூக்கி மறுபக்கம் தள்ளிவிடும். செம்மண் தரையென்றால் ஸ்டாண்டுக் காலுக்கு அடியில் ஒரு ஓட்டுத்துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் மழை பெய்ததும் கால் புதைந்துவிடும். தென்னை மரத்தடி வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வேம்பும் புங்கனும் நல்ல நிழல்.

டவுனுக்குள் போனால் கதையே வேறு. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் கார் நிறுத்த மாடிக் கட்டடம் உண்டு, சைக்கிளுக்கு லைட் கம்பமே கதி. கம்பத்தில் கட்டுவதில் தப்பில்லை, நடக்கிறவர்களுக்கு வழி விட்டுக் கட்டினால் சரி. டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் மட்டும் கட்டவே கட்டாதீர்கள். பின்சக்கர வளையப் பூட்டு, கண்ணில் படுகிற தூரத்தில் டீ குடிக்கிற நேரத்துக்குப் போதும். அதைப் பூட்டினால் சக்கரம் சுற்றாது, ஆனால் அப்படியே தூக்கி ஆட்டோவில் போடலாம். அரை மணிக்கு மேல் என்றால் பின்சக்கரம், பிரேம், கம்பம் மூன்றையும் சேர்த்து ஒரு சங்கிலி. நெதர்லாந்தில் யூட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிறுத்துகிறார்கள், முதல் 24 மணி நேரம் இலவசம் என்று அப்பாவிடம் சொன்னேன். "அத்தனைக்கு டோக்கன் ஆரு கட்டறது?" என்றார்.

நல்ல ஸ்டாண்டும் கெட்ட இடத்தில் போட்டால் கெட்டதுதான். முதலில் ஓனர் காட்டிய இடம் ஜெனரேட்டருக்குப் பின்னால். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டாண்டு அங்கே இருந்தால் சைக்கிள் வாசலில்தான் நிற்கும். பஞ்சிங் மெசினுக்கு இருபது தப்படிக்குள், வாட்ச்மேன் நாற்காலியில் இருந்தே தெரிகிற இடம் வேண்டும் என்று நின்று வாங்கினேன். ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிற பெண்கள் இருக்கிறார்கள், அதனால் ஒரு லைட்டும் வேண்டும்.

ஒன்றுக்கு மட்டும் எனக்கு வழி கிடைக்கவில்லை. ஸ்கூட்டிகள். ஸ்டாண்டு போட்ட ஒரே வாரத்தில் நிழல் பார்த்து உள்ளே வந்துவிட்டன. 'சைக்கிள் மட்டும்' என்று போர்டு எழுதினோம், அதற்கு நேர் கீழே ஒரு ஸ்கூட்டி நின்றது. அரை அடி உயரம் மேடு கட்டினோம், அதிலும் ஏற்றினார்கள். கடைசியில் வாட்ச்மேன் அண்ணன் சத்தம் போடுவதுதான் வேலை செய்கிறது. அவர் லீவு போட்டால் அன்றைக்கு ஸ்கூட்டி ராஜ்ஜியம்.

ஆறு மாசம் போனால், எடுக்க ஆளில்லாத சைக்கிள்கள் சேரும். எங்களிடம் ஐந்து சேர்ந்தன. ஹேண்டிலில் மஞ்சள் நூல் கட்டி, "ஒரு மாசத்தில் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்கு" என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டினேன். முப்பத்து மூன்றாம் நாள், ஒடிசாவுக்கு ஊருக்குப் போயிருந்த கட்டிங் பையன் பையும் கையுமாக வந்து நின்றான். நல்லவேளை, இரும்புக் கடைக்காரர் அந்த வாரம் வரவில்லை. இரண்டு டயரிலும் சுத்தமாகக் காற்று இல்லை. வாட்ச்மேன் அண்ணன் பம்ப் எடுத்துக் கொடுத்தார். நான் உள்ளே போய், நோட்டீசில் ஒரு மாசத்தை அடித்து மூன்று மாசம் என்று எழுதிவிட்டு வந்தேன்.