தீபாவளி கேட்டலாக் அட்டைக்கு ஆள் பிடிப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் புடவைக்கடை வைத்திருப்பவர்களுக்குத் தீபாவளி நெருங்கினாலே ஒரு ஆசை வந்துவிடும்: கேட்டலாக் அட்டையில் ஒரு வானொலி அறிவிப்பாளரையோ சீரியல் நடிகையையோ நிற்க வைத்துவிட வேண்டும். ஈப்போ லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்கு பஸ் ஏறுகிற கூட்டத்தை மறிக்க வேண்டுமே, நியாயம்தான். ஆனாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

பெரிய ஃபேஷன் பத்திரிகைகளும் மாடல்களை விட்டு இந்த வழிக்குத்தான் போயின. 1990 ஜனவரி பிரிட்டிஷ் வோக் அட்டையில் நயோமி கேம்பல், சிண்டி கிராஃபோர்ட் உட்பட ஐந்து மாடல்கள் நின்றார்கள். 1998-இல் அமெரிக்க வோக் அட்டைக்கு டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயும் அப்போதைய அமெரிக்க அதிபரின் மனைவி ஹிலாரி கிளின்டனும் வந்துவிட்டார்கள். கடைத்தட்டில் தெரிந்த முகம் இருந்தால் கை தானாக நீளும், நடிகைக்கும் படம் வெளியாகிற நேரத்தில் விளம்பரம், இரண்டு பக்கமும் லாபம். ஆனால் அங்கே விற்பது பத்திரிகை. நீங்கள் விற்பது புடவை.

நடிகையைப் போட்டால் முகத்தைப் பெரிதாகக் காட்டச் சொல்வார்கள், கரையும் கொசுவமும் வெட்டுப்படும், அப்புறம் கடைக்கு வருகிறவர்கள் புடவையை விட்டுவிட்டு அவரைப் பற்றித்தான் கேட்பார்கள். பழகிய மாடல் என்றால் முந்தானையை ஒரே கோணத்தில் பிடித்தபடி நூறு படத்துக்கு அலுக்காமல் நிற்பார். என் கட்சி மாடல்தான். நடிகை கட்டாயம் வேண்டுமென்றால் திறப்பு நாளுக்கு அழையுங்கள், ஒரு சின்ன வீடியோ எடுங்கள், போதும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். புடவை கட்டி நடக்கச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள். தோட்டத்திலேயே நன்றாக நடக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் அம்மா அப்பா சம்மதம் எழுத்தில் வேண்டும். யாராக இருந்தாலும் சரி, படத்தை எத்தனை மாதம் பயன்படுத்தலாம், பேனரிலும் டிக்டாக்கிலும் போடலாமா, அதே தீபாவளிக்கு எதிர்க்கடைக்கும் நிற்கலாமா என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நடிகை விஷயத்தில் அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் பணம் போச்சு.

படப்பிடிப்பைக் காலையிலேயே வையுங்கள், தீபாவளியை ஒட்டிய மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது. செம்பனை மரத்தடி பார்க்க அழகுதான், ஆனால் அங்கே முகத்தில் பச்சை அடிக்கும், திறந்த வெளியில் வெள்ளைச் சுவர் ஓரம் நல்லது. ரவிக்கை தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் துணி கிளிப்பால் இழுத்துப் பிடியுங்கள், முன்னால் இருந்து தெரியாது. கடைப் பெயருக்குத் தலைக்கு மேல் இடம் விடச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

மொத்தமாக அச்சடிப்பதற்கு முன் ஒரே ஒரு பிரதி எடுத்து, அசல் புடவையை வெயிலில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரக்குச் சிவப்பு தாளில் காப்பித்தூள் நிறமாக வந்திருந்தால் அச்சகத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்.